கையும் கணக்கும்
எல்மர் கீத் வாழ்க்கை

சுழல் துப்பாக்கிப் போட்டியைக் காணச் செல்பவர்கள் என்ன காண்கிறார்கள்? நீட்டிய கையைக் காண்கிறார்கள். இமையாத கண்ணைக் காண்கிறார்கள். 50 கஜத்துக்கு அப்பால் நிற்கும் அட்டையைக் காண்கிறார்கள். அமெரிக்க முறைப் போட்டியில், அந்த அட்டையில் பத்து எண் தரும் வட்டத்தின் குறுக்களவு 3.36 அங்குலம்தான், ஒரு சிறு கிண்ணத்தின் வாயளவு என்று சொல்லலாம். அதற்குள் பத்துக் குண்டுகளையும் செலுத்தும் ஒருவனைக் கண்டால் அவன் கண்ணையும் கையையும் புகழ்கிறோம். ஆனால் அவனுடைய வெற்றியில் பாதி, போட்டிக்கு முன்னரே, யாரும் காணாத ஓர் இரவில், விளக்கின் அடியில், ஒரு மேசையின்மேல் முடிந்துவிட்டது. அந்த மேசையில்தான் அவன் தன் தோட்டாக்களைத் தானே நிரப்பினான்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் பொட்டு ஒன்று, உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயக் குண்டு. சுட்டபின் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பொட்டும் பயனற்றுப் போகிறது. பித்தளைக் கூடு மட்டும் எஞ்சுகிறது. அதைத் தூய்மை செய்து, வீங்கிய உடலை அச்சில் இறுக்கி, புதுப் பொட்டு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டைப் பொருத்தி மறுபடியும் தோட்டாவாக்கலாம். இதையே கைநிரப்பு என்கிறோம். போட்டிக்காரர்கள் ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகவேண்டும். கடைத் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகாது. அது ஒரு காரணம். தம் துப்பாக்கி ஒன்றுக்கே பொருந்தும்படி, ஒன்றுபோல் ஒன்று இருக்கும்படி தோட்டா வேண்டும் என்பது மற்றொரு காரணம். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வதை 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவிலோ, இது பல வீடுகளில் சமையலறைக்கு அடுத்த அறையில் நடக்கும் வேலை.

இந்த வேலையில் ஒரு தனித்தன்மை உண்டு. குண்டு கூட்டின் வாயை அடைத்தவுடன் உள்ளே இருப்பது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மருந்து சரியாக இருக்கிறதா, இரு மடங்கு விழுந்துவிட்டதா, ஒன்றுமே இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. நிரப்பியவனுடைய நேர்மையும் கவனமும் மட்டுமே அதற்குச் சாட்சி. அந்தத் தோட்டா வெடிக்கும்போதும் அவன் கையில்தான், அவன் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

இந்தக் கலையை வாழ்நாள் முழுவதும் பயின்றவர், அதில் பிழையும் செய்து பாடமும் கற்றவர், இறுதியில் பெரிய தொழிற்சாலைகளையே தம் வழிக்குக் கொண்டுவந்தவர் எல்மர் கீத். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர் அவர். மாடு மேய்த்தவர், முரட்டுக் குதிரைகளை அடக்கியவர், மலைக்காடுகளில் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியவர். அவர் வாழ்க்கையில் நமக்குப் பயன்படும் செய்தி துப்பாக்கியைப் பற்றியது மட்டுமன்று.

தீயில் வெந்த கை

கீத் 1899ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், மிசௌரி மாநிலத்தில் ஹார்டின் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் பின்னர் மேற்கே மொன்டானா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், மிசூலா நகரில் தங்கியிருந்த விடுதி தீப்பற்றி எரிந்தது. சிறுவன் கீத் அந்தத் தீயில் சிக்கினான். முகமும் தோளும் கைகளும் வெந்தன. பிழைக்கமாட்டான் என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். பிழைத்தான். ஆனால் வெந்த தோல் ஆறும்போது சுருங்கியதால் இடக்கை பின்பக்கமாக வளைந்து மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கையால் எதையும் பற்ற இயலவில்லை.

வளைந்த கையை உடைத்து நேராக்க மருத்துவர்கள் முன்வரவில்லை. சிறுவன் தன் பெற்றோரிடமே அதை வேண்டினான். வீட்டிலேயே அந்தக் கொடிய வேலை நடந்தது. மயக்க மருந்து தரும் மருத்துவர் இல்லை. பெற்ற கைகளே பிள்ளையின் கையை உடைத்து, ஒரு பலகையோடு சேர்த்து நேராகக் கட்டிவைத்தன. நாளடைவில் கை ஆறியது. அழகான கை ஆகவில்லை. ஆயினும் பயன்படும் கை ஆயிற்று. பிற்காலத்தில் குதிரையின் கடிவாளத்தைப் பற்றியதும், உருக்கிய ஈயத்தை வார்க்கும்போது அச்சுக் குறட்டைப் பிடித்ததும் அந்தக் கைதான்.

தீயின் இயல்பை இளமையிலேயே இவ்வளவு நெருங்கி அறிந்த ஒருவர், ஆயுள் முழுவதும் வெடிமருந்தோடு பழகினார் என்பது வியப்பாகத் தோன்றலாம். அவருக்குத் தீயிடம் அச்சம் இல்லாமற் போகவில்லை. ஆனால் அந்த அச்சம் அவரை விலகி ஓடச் செய்யவில்லை. அது கவனமாக மாறுவதற்கு மட்டும் இன்னும் ஒரு விபத்துத் தேவைப்பட்டது. அதைப் பின்னர்க் காண்போம்.

முதியோரிடம் கற்ற பாடம்

கீத் வளர்ந்த மொன்டானாவில், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட முதியவர்கள் பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களே அவருக்கு ஆசிரியர்கள். அவர் முதலில் பழகிய சுழல் துப்பாக்கிகளுள் ஒன்று, கோல்ட் கம்பெனியின் 1851ஆம் ஆண்டு நேவி மாதிரி. அதற்குப் பித்தளைத் தோட்டா கிடையாது. உருளையில் உள்ள ஆறு அறைகளிலும் தனித்தனியே கருமருந்தை ஊற்றி, ஈய உருண்டையை வைத்து, நெம்புகோலால் அழுத்தி இறுக்கி, பின்புறத்தில் பொட்டு மாட்டவேண்டும்.

இந்த வேலையில் ஒரு நுட்பம் உண்டு. உருண்டை, அறையின் வாயைவிட இம்மியளவு பெரிதாக இருக்கவேண்டும். அழுத்தும்போது அதன் விளிம்பிலிருந்து ஈயம் மெல்லிய வளையமாகச் சீவப்பட்டு விழவேண்டும். வளையம் விழுந்தால் அறை இறுக அடைபட்டது என்று பொருள். விழாவிட்டால் இடுக்கு இருக்கிறது; ஓர் அறை வெடிக்கும்போது எழும் தீ அந்த இடுக்கு வழியே அடுத்த அறைக்குத் தாவும்; பல அறைகள் ஒருசேர வெடித்துவிடும். அதைத் தடுக்க உருண்டையின்மேல் கொழுப்பும் பூசுவார்கள். சீவி விழும் ஓர் ஈய வளையத்தில் உயிரே அடங்கியிருக்கிறது என்பதை இளைஞன் கீத் அந்த முதியவர்களிடம் கற்றான். புத்தகத்தில் படித்த பாடமாக அது இல்லை; ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளும் பழக்கமாக அவனிடம் ஊன்றியது.

வெடித்த உருளை

1925ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள். அமெரிக்க விடுதலைத் திருநாள். ஊரெங்கும் வாணம் வெடிக்கும் நாள். இருபத்தாறு வயதான கீத், தம் கோல்ட் துப்பாக்கியை எடுத்துக் கொண்டாட்டமாகச் சுட்டார். 1873இல் தோன்றிய பழம்பெரும் மாதிரி அது. 45 அளவுத் தோட்டாவுக்கு உரியது. அவர் நிரப்பியிருந்ததோ வழக்கமான தோட்டா அன்று. நீள்துப்பாக்கிக்கு உரிய 300 கிரெயின் எடையுள்ள குண்டைச் சிறிதாக்கிப் பொருத்தி, கருமருந்தை மேலும் நுண்ணிதாக இடித்து நிரப்பியிருந்தார். மருந்துத் துகள் நுண்ணிதானால் விரைந்து எரியும். விரைந்து எரிந்தால் அழுத்தம் உயரும். குண்டு கனமானால் அது நகரத் தயங்கும். அப்போது அழுத்தம் இன்னும் உயரும். இரண்டும் ஒன்று சேர்ந்தன. உருளையின் மேற்பக்கம் பிளந்து பறந்தது.

கீத் உயிர் தப்பினார். இந்த நிகழ்ச்சியை அவர் மறைத்து வைக்கவில்லை. எழுதி அச்சில் வெளியிட்டார். துப்பாக்கிக் கலையில் வல்லவர் என்று பெயரெடுக்க விரும்பும் இளைஞர் ஒருவர், தம் கையிலேயே துப்பாக்கி வெடித்த கதையை ஊரறியச் சொல்வது எளிதன்று. அவருடைய நூல்களைப் படித்தவர்கள் அவரை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை, காரணம் தேடினார். உருளையின் வெளிச்சுற்று எல்லாத் துப்பாக்கிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அதில் 45 அளவுக்குத் துளையிட்டால் சுவர் மெலிந்துபோகும். சற்றே சிறிய 44 அளவுக்குத் துளையிட்டால் சுவர் தடிப்பாக நிற்கும். 1907இல் தோன்றிய 44 ஸ்பெஷல் என்னும் தோட்டா, நுட்பமாகச் சுடுவதில் ஏற்கெனவே பெயர் பெற்றது. ஆனால் தொழிற்சாலைகள் அதை மிக மென்மையாகவே நிரப்பி விற்றுவந்தன. கீத் அதைக் கையில் எடுத்தார். அடுத்த முப்பது ஆண்டுகள் அதை விடவில்லை.

குண்டின் வடிவம்

போட்டிக்குரிய குண்டில் ஒரு சிக்கல் உண்டு. உருண்டை மூக்குள்ள குண்டு அட்டையைத் துளைக்கும்போது தாளைக் கிழித்துக்கொண்டு போகும். துளையின் விளிம்பு பிசிறாக இருக்கும். குண்டு ஒன்பதாம் வட்டத்தில் விழுந்ததா, பத்தாம் வட்டத்தின் கோட்டைத் தொட்டதா என்று நடுவர்கள் தடுமாறுவார்கள். ஓர் எண்ணில் பரிசு கைமாறும் இடத்தில் இது சிறு செய்தி அன்று. ஆகவே போட்டிக்காரர்கள் முன்பக்கம் தட்டையான, உருளை வடிவக் குண்டைப் பயன்படுத்தினார்கள். அது காகிதத்தில் துளைக்கருவி போட்டதுபோல் வட்டமாக வெட்டும். ஆனால் அந்த வடிவம் நெடுந்தொலைவு நேராகப் பறக்காது. கொஞ்ச தூரத்துக்கு மேல் தடுமாறும்.

இரண்டு வடிவங்களின் நன்மைகளையும் ஒரே குண்டில் சேர்க்க வழி கண்டவர் கீத். 1920களின் பிற்பகுதியில் அவர் வரைந்து தந்த வடிவத்துக்கு லைமன் கம்பெனி அச்சுச் செய்து விற்றது. குண்டின் நெற்றி அகலமாகவும் தட்டையாகவும் இருந்தது. நெற்றிக்குக் கீழே கூரிய விளிம்புள்ள தோள் ஒன்று. அந்தத் தோள் காகிதத்தை வட்டமாக வெட்டியது. நீண்ட மூக்கு குண்டை நெடுந்தொலைவு நேராகச் செலுத்தியது. தோளை அடுத்த பட்டை, குண்டின் முழு அகலத்துக்கும் இருந்ததால், அது உருளையின் வாயில் கச்சிதமாக அமர்ந்து, குழலுக்குள் கோணாமல் நுழைந்தது. அதன் கீழே ஒரு சாய்வான பள்ளம்; கூட்டின் வாயை அந்தப் பள்ளத்தில் மடித்து இறுக்கவேண்டும். அதற்கும் கீழே கொழுப்பு நிரப்ப ஓர் ஆழமான பள்ளம்.

மடித்து இறுக்குவது ஏன் என்று கேட்கலாம். சுழல் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்கும்போது மற்ற ஐந்தும் உருளையில் காத்திருக்கின்றன. துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதையில் காத்திருக்கும் குண்டுகள் தம் கூட்டிலிருந்து சிறிது சிறிதாக முன்னே நகர்கின்றன. நகர்ந்து உருளையின் முகத்துக்கு வெளியே நீட்டினால் உருளை சுழலாது. போட்டி நடுவில் துப்பாக்கி முடங்கிவிடும். முதல் தோட்டா நன்றாகச் சுட்டது போதாது. ஆறாம் தோட்டாவும் அதேபோல் நிற்கவேண்டும். கீத் தம் வாசகர்களுக்கு இதை ஓயாமல் நினைவூட்டினார்.

அவர் வகுத்த குண்டுகளை இன்றும் கைநிரப்புவோர் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். 45 அளவுத் தானியங்கித் துப்பாக்கிப் போட்டிகளிலும் இதே தோள் வடிவக் குடும்பத்தைச் சேர்ந்த குண்டுகள் பரவின. பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்று அவர் விரும்பிய கலவையும் அவ்வாறே நிலைபெற்றது. ஈயம் போதிய சூடேறாமல் வார்த்தால் குண்டின்மேல் சுருக்கம் விழும். உள்ளே காற்றுப் புகுந்தால் எடை குறையும். அப்படிப்பட்டவற்றைத் தயங்காமல் மறுபடி உருக்கில் போட்டுவிடவேண்டும். நூறு வார்த்தால் இருபது கழியலாம். கழிப்பதற்கு மனம் வராதவன் போட்டிக்குத் தோட்டா நிரப்ப இயலாது.

அளவும் பாத்திரமும்

கைநிரப்பில் எல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு ராத்தல் என்பது 7,000 கிரெயின். நம் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின் இருக்கும். மருந்தை நிறுப்பவர் அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார். பொன்னில் பிழைத்தால் பணம் போகும். மருந்தில் பிழைத்தால் கை போகும்.

பழைய கருமருந்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது கூட்டை ஏறத்தாழ நிறைத்துவிடும். தவறி இருமுறை ஊற்றினால் வழிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். புகையில்லா மருந்து அப்படியன்று. அது சிறு அளவிலேயே பெரும் ஆற்றல் தருவது. கூட்டின் அடியில் கொஞ்சம் கிடக்கும். இருமுறை விழுந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே, நிரப்பிய கூடுகளை ஒரு துளைப்பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துமுன் விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்து மட்டம் ஒப்பிடவேண்டும் என்பது இத்தொழிலின் தலையாய விதி. அந்த ஒரு பார்வையைச் சோம்பலால் விட்டவர்கள் பலர் துப்பாக்கியை இழந்தார்கள். சிலர் விரல்களையும் இழந்தார்கள்.

கீத்தின் கணக்கிலும் ஒரு குறை இருந்தது. அதையும் சொல்லவேண்டும். தொழிற்சாலைகளில் அழுத்தத்தை அளக்கக் கருவி இருந்தது. வெடிப்பின் அழுத்தத்தால் ஒரு சிறு செம்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அவர்கள் கணக்கிட்டார்கள். மலைப்பண்ணையில் வாழ்ந்த கீத்திடம் அந்தக் கருவி இல்லை. சுட்ட கூடு உருளையிலிருந்து எளிதாக வருகிறதா, ஒட்டிக்கொள்கிறதா, பொட்டு தட்டையாகிவிட்டதா என்ற அடையாளங்களைக் கொண்டே அவர் முடிவு செய்தார். அந்த அடையாளங்கள் முழுவதும் நம்பத்தக்கவை அல்ல என்பது இன்று தெளிவு. அவருடைய கன நிரப்புகள் சில, எல்லாத் துப்பாக்கிக்கும் ஏற்றவை அல்ல.

மற்றொரு செய்தி இதனினும் கருதத்தக்கது. அவர் முதலில் பயன்படுத்திய கூடுகளின் அடிப்பகுதி உட்குழிந்திருந்தது. மருந்துக்கு இடம் சற்று மிகுதி. பின்னாளில் அடிப்பகுதி கெட்டியான, வலிய கூடுகள் வந்தன. வலிமை கூடியது, உள்ளிடம் குறைந்தது. பழைய கூட்டில் பத்திரமாக இருந்த அதே அளவு மருந்து, புதிய கூட்டில் அழுத்தத்தை உயர்த்திவிட்டது. கூடு வலிதாயிற்றே என்று மகிழ்ந்து மருந்தைக் கூட்ட எண்ணுவது இயல்பு. ஆனால் குறைக்கவேண்டும். கீத் அவ்வாறே குறைத்தார், குறைக்கும்படி எழுதினார். அளவு என்பது தனியே நிற்கும் ஓர் எண் அன்று. எந்தப் பாத்திரத்தில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அளவு. பாத்திரம் மாறினால் எண்ணும் மாறவேண்டும். நேற்று யாரோ எழுதிவைத்த எண்ணை இன்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வது படிப்பும் ஆகாது, பத்திரமும் ஆகாது.

இந்த அனுபவங்களை எல்லாம் திரட்டி 1936இல் சுழல் துப்பாக்கித் தோட்டாக்களும் நிரப்புகளும் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1955இல் சுழல் துப்பாக்கிகளைப் பற்றிய பெருநூல் வந்தது. அமெரிக்கன் ரைபிள்மன் முதலிய இதழ்களில் பல்லாண்டுகள் எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூட்டா மாநிலத்து ஆக்டன் படைக்கலச் சாலையில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் ஆய்வாளராகப் பணிபுரிந்தார். அவர் ஏற்றுக்கொண்ட துப்பாக்கிகளில் பதித்த முத்திரையில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் இருந்தன. தன் பெயரைப் பதித்துத் தருவது என்றால், பிழை நேர்ந்தால் யாரைக் கேட்கவேண்டும் என்பதையும் சேர்த்தே பதித்துத் தருவதாகும்.

தொழிற்சாலையின் கதவு

1935இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி 357 மாக்னம் என்னும் வலிய தோட்டாவுக்குரிய துப்பாக்கியை வெளியிட்டது. டக்ளஸ் வெஸ்ஸன், பில் ஷார்ப் ஆகியோரின் உழைப்பு அதில் முதன்மையானது. 38 அளவில் கீத் செய்த கன நிரப்புச் சோதனைகளும் அதற்கு வழிவகுத்தவற்றுள் அடங்கும். ஆனால் கீத்தின் ஆசை 44 அளவில் இருந்தது. ஆண்டுதோறும் எழுதினார், கம்பெனிகளை நேரிலும் வற்புறுத்தினார். பழைய, மெலிந்த துப்பாக்கிகளில் யாராவது அந்த வலிய தோட்டாவைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கம்பெனிகள் அஞ்சின. அஞ்சியது நியாயமே.

அதற்கும் எளிய வழி ஒன்று இருந்தது. புதிய தோட்டாவின் கூட்டைப் பழையதைவிட ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமாகச் செய்துவிட்டால், அது பழைய துப்பாக்கியின் அறையில் முழுவதும் நுழையாது. தவறு செய்ய விரும்பினாலும் செய்ய இயலாது. 357 மாக்னத்திலும் இதே முறையைக் கையாண்டிருந்தார்கள். ரெமிங்டன் கம்பெனி தோட்டாவையும், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் துப்பாக்கியையும் செய்தன. 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 44 மாக்னம் உலகுக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு மலைநாட்டு மேசையில் நிரப்பப்பட்டுவந்த தோட்டா, தொழிற்சாலையின் கதவைத் திறந்துவிட்டது. 1971இல் வந்த டர்ட்டி ஹாரி என்னும் திரைப்படத்தால் அந்தத் துப்பாக்கியின் பெயர் உலகெங்கும் பரவியது. படத்தைப் பார்த்து அதை வாங்க ஓடியவர்களில் எத்தனை பேர் அதன் பின்னால் இருந்த மேசையை நினைத்திருப்பார்கள்?

நம்பாதவர்களும் வீழ்ந்த இரும்பும்

கீத்துக்கு எதிரிகளும் இருந்தார்கள். சுழல் துப்பாக்கியால் நூற்றுக்கணக்கான கஜத் தொலைவிலும் இலக்கை எய்தலாம் என்று அவர் எழுதியதைப் பலர் நம்பவில்லை. 1920களிலேயே, பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹெரால்ட் கிராஃப்ட் என்பவர், பெட்டி நிறையத் துப்பாக்கிகளோடு ஆரெகன் மாநிலத்தில் அவர் இருந்த பண்ணைக்கே வந்து சோதித்தார். கீத் சுட்டுக் காட்டினார். சோதிக்க வந்தவர் நண்பராகத் திரும்பினார். பின்னாளில், காயம்பட்டு ஓடிய மான் ஒன்றை 600 கஜத் தொலைவில் 44 மாக்னத்தால் வீழ்த்தியதாகக் கீத் எழுதியபோது ஏளனம் மிகுந்தது. இலேசான குண்டை மிகுந்த வேகத்தில் செலுத்துவதே நன்று என்று வாதிட்ட ஜாக் ஓகானர் என்னும் எழுத்தாளரோடு அவருக்கு நெடுங்காலப் பூசல். கீத் கனமான குண்டின் கட்சி.

வாதத்தால் தீராத இந்த வழக்குக்கு ஒரு பகுதி விடை போட்டிக்களத்திலிருந்து வந்தது. மெக்சிகோவில் தோன்றிய இரும்பு உருவப் போட்டி, 1970களில் அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கும் வந்தது; 1976இல் அதற்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது. இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி 50 மீட்டரில். பன்றி 100 மீட்டரில். வான்கோழி 150 மீட்டரில். ஆட்டுக்கடா 200 மீட்டரில். குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் விழவேண்டும். விழாவிட்டால் எண் இல்லை.

இயற்பியல் மாணவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கனத்த இரும்பைத் தள்ளி வீழ்த்துவது உந்தம். உந்தம் என்பது பொருண்மையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. 200 மீட்டர் சென்ற பிறகும் அந்த உந்தம் மிச்சமிருக்கவேண்டுமானால் கனமான குண்டு வேண்டும்; அதைப் பத்திரமாகச் செலுத்தும் நிரப்பு வேண்டும். கடைத் தோட்டாவை நம்பாமல் போட்டிக்காரர்கள் மறுபடியும் மேசையில் அமர்ந்தார்கள். 44 மாக்னம் சுழல் துப்பாக்கிகள் அந்தக் களத்தில் ஏராளமாக இறங்கின. சாதாரண மனிதர்கள், சனிக்கிழமை பிற்பகல்களில், 200 மீட்டருக்கு அப்பால் நின்ற கடாக்களைச் சுழல் துப்பாக்கியால் வீழ்த்தினார்கள். 600 கஜத்து மான் கதையை அது மெய்ப்பிக்கவில்லை. அதை மெய்ப்பிக்க இனி யாராலும் முடியாது. ஆனால் நெடுந்தொலைவுக்குச் சுழல் துப்பாக்கி உதவாது என்று நகைத்தவர்களின் வாதம் அந்த இரும்புக் கடாக்களோடு சாய்ந்தது.

1973இல் சிறந்த அமெரிக்கக் கைத்துப்பாக்கி வீரர் விருது ஏற்படுத்தப்பட்டபோது, முதலாவதாக அது கீத்துக்கே அளிக்கப்பட்டது. குள்ளமான உருவம், அதற்குப் பொருந்தாத பெரிய தொப்பி, வாயில் சுருட்டு. அந்தத் தோற்றத்தில் அவரை அறியாத துப்பாக்கிப் பிரியர் அமெரிக்காவில் இல்லை. 1981இல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1984 பிப்ரவரி 14ஆம் நாள் இடாஹோ மாநிலத்தில் காலமானார்.

குறையும் நிறையும்

கீத்தைக் குறையற்றவர் என்று காட்டுவது நம் நோக்கமன்று. தம் கருத்தே முடிந்த முடிபு என்று பேசும் பிடிவாதம் அவரிடம் இருந்தது. எதிர்க்கட்சி பேசியவர்களைக் கடுமையாகத் தாக்கினார். வேட்டையையே வாழ்வாகக் கொண்ட அவருடைய விருப்பம், உயிர்களிடம் இரக்கம் போற்றும் பலருக்கு உவப்பாக இராது. துப்பாக்கியால் நேரும் துயரங்களை நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும் நமக்கு, அந்தக் கருவியின் புகழ் பாடவும் மனம் வராது. ஆனால் ஒரு கருவியை வெறுப்பதற்கும், அதைச் செய்தவனிடம் இருந்த ஒழுக்கத்தைக் கற்பதற்கும் முரண் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் ஒரு சோதனையின் முன் நிற்கிறோம். ஊசல் ஆட்டத்தின் கணக்கோ, அமிலத்தின் அளவோ, புத்தகத்தில் உள்ள விடைக்கு ஒத்துவரவில்லை. மணி ஐந்தாகிவிட்டது. பதிவேட்டில் ஓர் எண்ணைச் சற்றே மாற்றி எழுதினால் விடை வந்துவிடும். ஆசிரியரும் கையொப்பம் இட்டுவிடுவார். மூடிய பதிவேட்டின் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பதிவேடும் ஒரு தோட்டாதான். அதை நாம் சுடப்போவதில்லை. அதனால் நம் கை போவதுமில்லை. ஆனால் நாளை நாம் கட்டப்போகும் பாலத்தின்மேல் வேறொருவர் நடப்பார். நாம் நிறுத்துத் தரும் மருந்தை வேறொருவர் உண்பார்.

கீத் தாம் நிரப்பியதைத் தாமே சுட்டார். பிளந்த உருளையை மறைக்காமல் ஊருக்குக் காட்டினார். கூடு மாறியபோது கணக்கை மாற்றினார். சிறு வயதில் உடைத்து நேராக்கிய ஒரு கையை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்தார். உள்ளே இருப்பது இன்னது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவனே மூடவேண்டும். அவர் வாழ்க்கை நமக்குத் தரும் விதி அது ஒன்றுதான்.